நீ வேண்டாமென்ற பம்பர் கார்டு

அட்டுவம்பட்டியில் உன் வீட்டு வாசலில் லாரி நிற்கிறது. வெயில் ஏறியதும் அதன் முகத்தில் மாட்டியிருக்கும் இரும்புத் தடுப்பிலிருந்து, அந்தப் பம்பர் கார்டிலிருந்து, கறுப்பு எனாமல் வாடை கிளம்புகிறது. பூசிப் பல நாளாகியும் போகவில்லை. கடைசிவரை நீ ஓட்டிய வண்டியில், கடைசிவரை நீ வேண்டாமென்ற பொருளை மாட்டியவன் நான்தான், மாப்ளே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பூம்பாறையில் பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு நீ இறங்கும்போது, வேலை வெட்டி இல்லாத நானும் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். வளைவில் காட்டுமாடு நின்றால் நீ ஹாரன் அடிக்கமாட்டாய். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் மோவாயை வைத்துக்கொள்வாய்.

"வெரசா போனாத்தானே நல்ல வெல கிடைக்கும்?" என்பேன்.

"அதுக்கும் ஏதோ சோலி கெடக்கும்ல. முடிச்சுட்டுப் போகட்டும்."

சந்தையில் வியாபாரி உன்னைப் பிடித்துக்கொள்வார். "ஏலே, மாடு மறிச்சுச்சுன்னு பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி வந்து சொல்றியே, வெக்கமா இல்ல?" நீ சிரிப்பாய். முன்னால் கார்டு போடச் சொன்னவர்களுக்கெல்லாம் நீ வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: "கையில கம்பு இருந்தா மனசு சும்மா இருக்காது."

நீ போன பிறகு உன் மனைவி ஒரு டிரைவரை வைத்தாள். அந்த மழைக்காலத்தில் ஒரு காட்டுமாடு மோதி, முன்பக்கக் கிரில் உடைந்து ரேடியேட்டர் ஒழுகி, வண்டி பட்டறையில் கிடந்தது. அவளுக்குச் சோறு அந்த வண்டிதான். "என்னண்ணே செய்யலாம்?" என்று என்னைக் கேட்டாள்.

"கார்டு போட்ருவோம்மா. அவனே போடணும்னு ஆசப்பட்டான்" என்றேன்.

இறந்தவர்களின் ஆசையைச் சரிபார்க்க வழியில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

வத்தலக்குண்டுப் பட்டறைக்குப் போவதற்கு முன், பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டுப் போனேன். ரேடியேட்டருக்குக் காற்றுப் போக வேண்டும். ஹெட்லைட் மறையக் கூடாது. பம்பரில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும், சேசிஸில் போல்ட் போட வேண்டும். கேபினை முன்னால் சாய்த்து இஞ்சினைப் பார்க்க வேண்டிய வண்டி என்பதால், கார்டு கீழே மடங்கும்படி கீல் வேண்டும். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"லாரிக்குத்தான் பாக்குறீங்களா, கோட்டைக்குக் கதவு கிதவு பாக்குறீங்களா சார்? போட்டுத் தாறேன். ஆனா இதுக்கெல்லாம் இப்பத் தடை. பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா கழட்டச் சொல்வாரு."

"அப்ப, கழட்டி மாட்டுற மாதிரியே போடுங்க" என்றேன். சட்டத்தை நான் மதிக்கும் விதம் அப்படி.

குறைசொல்ல முடியாத வேலை. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். இரும்பின் கனத்திலிருந்து கீலின் எண்ணெய்வரை விசாரித்த நான், அதை முன்னால் வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்வேன் என்பதை மட்டும் விசாரிக்கவில்லை.

அடுத்த லோடுக்கு நானும் ஏறினேன். பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் தாயும் கன்றுமாகக் காட்டுமாடுகள் நின்றன. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, "அணைச்சிரவா சார்?" என்றார். உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் போலும்.

"அதான் கார்டு இருக்கே. மெதுவா தள்ளுங்க, போயிரும்."

"குட்டி நிக்குதே சார்."

"தள்ளுங்கங்கிறேன்."

தள்ளினார். தாய் விலகியது. கன்று பின்னங்கால் மடங்கி ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. எழுந்து, காலை இழுத்துக்கொண்டே சரிவில் ஏறிப்போனது. கார்டில் ஒரு கீறல் இல்லை. சந்தைக்கு நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். வியாபாரி என் முதுகில் தட்டினார்.

மறுநாள் பூம்பாறை டீக்கடையில் அந்தக் கன்றைப் பற்றித்தான் பேச்சு. "டூரிஸ்ட் வேன்காரன் எவனோதான். அவனுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு?" என்றார் கடைக்காரர். என் கண் டீக்கிளாசில் இருந்தது. ஊதி ஊதி முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உன் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டேன். உன் ஆசை என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்து. "கழட்டிருவோம்மா" என்றேன். அவள் பூண்டு காய வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கார்டு கெடக்கட்டும்ணே, அது என்ன பண்ணுச்சு? டிரைவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இனிமே வண்டில ஏறாதீங்க." கொஞ்சம் கழித்து, "அவரு பேரச் சொல்லியும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். பிறகு வழக்கம்போல் காப்பி கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது பூம்பாறைக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். நேற்று அந்த வளைவில் பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். தாய் முன்னால் போக, கன்று பின்னால் வந்தது. எல்லோரும் செல்போனை நீட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இந்தக் குளிர்ல வேர்க்குது? பயமா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். பயம் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை.

கன்று சாலையைக் கடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று, மாப்ளே. பஸ்ஸில் ஒருவரும் அவசரப்படவில்லை. அந்தப் பின்னங்கால் இன்னும் தரையில் முழுதாகப் பதியவில்லை.