நித்யஸ்ரீ பத்து நிமிஷம் தாமதமாக வரட்டும்

கீழ்க்கட்டளை

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் பெருமாள் புண்ணியத்தில் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அண்ணன் மகன் சக்திவேல் சி.ஏ.வில் முதல் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான், அவன் தங்கை மிருதுளா கேரம் போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தாள், டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்தது உன் மகள் நித்யஸ்ரீயின் பெருமை, அது பெருமைதானா என்று படித்துவிட்டு நீயே சொல். போனில் சொன்னால் உன் அண்ணி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நடக்கிற எங்கள் பாசுர வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டவள் நான்தான். ஸ்ரீநிவாசராகவன் சார் ஒரு தடவை சொல்வார், நாங்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் வாய் திறப்பது மரியாதை இல்லை. இதையெல்லாம் சொல்லித்தான் உட்கார வைத்தேன். அவளோ பள்ளிக்கூடத்து டீச்சரையே ஹில்டா என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். கேள்வி கேட்காத பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று அந்த ஹில்டா நினைப்பாளாமே. திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் சேவை தருகிறார் என்று சார் சொல்லி முடிக்கவில்லை, "நடக்கிறவர் எங்க போறார் சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. திட்டுவார் என்று பார்த்தால் மனுஷர் சிரிக்கிறார். "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இதைக் கேக்கலையே" என்று வகுப்பு முடியும்வரை உலகளந்த கதையை அவளுக்கே சொன்னார். அதிலிருந்து வந்ததும் முதலில் அவளைத்தான் தேடுகிறார். சாருக்குக் கீழ்க்கட்டளை அம்மாவாக இருந்த நான் இப்போது நித்யஸ்ரீ பாட்டி. வகுப்பில் கூட இருக்கிற பக்கத்துத் தெருப் பட்டு வேறு, "இன்னா தையலு, பேத்தி அந்தப் பேச்சு பேசுது, நீ வாயில கொழுக்கட்டை வச்சிகினு கீற" என்கிறாள்.

வயிறு எரிந்தது கோகிலா, சொந்தப் பேத்தி என்றும் பார்க்காமல் எரிந்தது. எனக்கும் ஒரு கேள்வி இருந்ததே, மரியாதை மரியாதை என்று விழுங்கிக்கொண்டல்லவா இருந்தேன். முழங்கால் போனதிலிருந்து மலை ஏற முடியவில்லை, அடிவாரத்தில் நிற்கிற பெருமாளை மட்டும் கும்பிட்டுத் திரும்புகிறேன், அது மேலே இருக்கிறவர்களுக்கும் போய்ச் சேருமா, இதுதான் கேள்வி. போன ஞாயிறு அவள் நீச்சலுக்குப் போய்விட்டாள் அல்லவா, அன்றைக்குத் துணிந்து கேட்டேன். சார் கேட்டுவிட்டு, "நல்ல கேள்வி. நித்யஸ்ரீயும் இருக்கட்டும், ஸ்ரீரங்கம் போயிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அவர் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அவர் திரும்பி வந்து வகுப்பு எடுக்கிற முதல் ஞாயிறு அவளைப் பத்து நிமிஷம் தாமதமாகப் போன் முன்னால் உட்கார வை, தலை பின்னுகிறேன் என்று ஏதாவது சொல்லு. பதில் முதலில் என் காதில் விழட்டும், அப்புறம் அவள் எத்தனை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். மறந்துவிடாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். குழந்தையைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருக்கிற மாதிரி பார்த்து எடு.

உன் அம்மா
தையல்நாயகி