இரண்டு பேருக்கு ஒரு பக்கம்

அக்கா,

உங்கள் இ-ரீடரை உங்கள் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறையைத் திறந்தால் நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. மூடிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறக்கிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் பக்கம் ஆபீஸுக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போய் வந்த காலத்தில் இதெல்லாம் ஏது? தடியான நாவல் கிடைத்தால் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்துவிடுவீர்கள். முன்பாதியை முடித்ததும் என்னிடம் தள்ளிவிட்டுப் பின்பாதியை எடுத்துக்கொள்வீர்கள். நான் பதறினேன். "சரஸ்வதியை இப்படியாக்கா வெட்டுவீங்க?"

"பீரோல பூட்டி வெச்சாத்தான்டி அவளுக்குக் கோவம் வரும். கையில பிடி."

எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம், நீங்கள் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடுவதுதான். என் பாதியில் கல்யாணம் நிச்சயமாகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். "என்னாச்சுக்கா, சொல்லுங்களேன்" என்று நச்சரிப்பேன். வாயே திறக்க மாட்டீர்கள்.

பிறகு உங்களுக்குக் கண் மங்கியது, இ-ரீடர் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே படிக்கலாம் என்று ஒரே புகழ்ச்சி. "இதை எப்படி அறுப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஒட்டி உட்காரச் சொன்னீர்கள். பெரிய எழுத்தில் திரைக்கு நாலைந்து வரிதான். நான் முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

"திருப்பட்டுமா?"

"இருடி. உன்ன விட்டுட்டு பஸ் போயிடுமா?"

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அப்போதுதான் நாம் முதல்முறையாக ஒரே வரியில் இருந்தோம். ஒரு கதையில் வரும் அண்ணன் சொன்னது பொய் என்று தெரிந்ததும் இருவரும் ஒன்றாக "அடப்பாவி" என்றோம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கதையின் பாதியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். "வந்ததும் சேர்ந்து படிக்கலாம், அதுவரைக்கும் நானும் தொட மாட்டேன்" என்றீர்கள். வரவில்லை. இப்போது திறந்தால் நாம் விட்ட அதே பக்கம். படுக்கையில் கிடந்த அத்தனை நாளும் ஒரு பக்கம்கூட நீங்கள் தள்ளவில்லை.

நான் தள்ளினால் அது போய்விடும். தள்ளாவிட்டால் கதை என்னை அரிக்கிறது. அடையாளம் வைத்துக்கொள்ளலாம் என்கிறான் உங்கள் மகன். அடையாளம் வேறு, நீங்கள் விட்ட இடம் வேறு என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

கடைசியில் அச்சுப் புத்தகமாகவே வாங்கிவிட்டேன். எழுத்து பொடி, கை வலிக்கும் கனம். ஆனால் அதில் நான் எவ்வளவு தூரம் போனாலும் இ-ரீடரில் உங்கள் பக்கம் கலையாது.

நேற்று மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றபோது முடித்தேன். அந்த அண்ணன் ஏன் பொய் சொன்னான் என்று தெரிந்துவிட்டது அக்கா. உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் "என்னாச்சுங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

இங்கேயும் எழுத மாட்டேன். நீங்கள் இன்னும் படிக்கவில்லை.