வாஷ்பேசின் வரிசை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். புதுக் கிளை வேலையில் நீயும் நலமாக இருப்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் பயிற்சி மையத்தில் என் வேலை தேர்வறையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று பல நாள் தயங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் வாஷ்பேசினில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்து, வாய் துடைத்து நகர்ந்ததும் அடுத்தவன் குனிகிறான். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வயித்தைக் காலி பண்ணிட்டா பயம் போயிடும் சார். அக்கா அப்படித்தான் பண்றாங்க. அதான் ஃபர்ஸ்ட் வராங்க."

அந்த அக்கா உன் மகள், நம் குட்டி. அவள் பயம் தாங்காமல் செய்ததை மற்றவர்கள் பாடமாகப் படித்துவிட்டார்கள். புளித்த நாற்றம் தேர்வறை வரை வருகிறது. அந்தப் புளிப்பில் குட்டிக்கு முன்பற்கள் கரைந்திருக்கின்றன. தண்ணீரைக்கூட வாயின் ஓரமாகவே குடிக்கிறாள். இந்த வருடம் பரீட்சை வேண்டாம், என்னோடு இருக்கட்டும். நான் மிகைப்படுத்துகிறேன் என்றால் சொல்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சின்ன வயதில் பென்சில் முனை உடைந்தாலே உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். இப்போதும் மாறவில்லை!

பிள்ளைகள் பயத்தைச் சமாளிக்கத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை ஏன் கெடுக்க வேண்டும்? வரிசையில் நின்றால் படிக்கிற நேரம் வீண். அதனால் கூடுதலாக வாஷ்பேசின் வைக்க ஆள் அனுப்புகிறேன். பினாயிலும் வரும். குட்டியின் பல்லைப் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இங்கே வாசலில் அவள் படம்தான் பெரிதாக வைத்திருக்கிறோம். இந்த நேரத்தில் அவள் விலகினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? நீங்கள் எதுவும் செய்யாமல் இருப்பதே பெரிய உதவி.

அன்புத் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

வாஷ்பேசின்கள் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் தாழ்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். கேட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும் என்று நீ சொன்னதாகச் சொன்னார்கள்.

இன்று வினாத்தாள் கட்டைப் பிரிக்கவில்லை. தேர்வு கிடையாது என்று சொன்னேன். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவன் ஈர வாயோடு, "அப்ப நான் வாந்தி எடுத்தது வேஸ்டா சார்?" என்றான்.

சாவியை அலுவலகப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் குட்டியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் பல் மருத்துவரிடம் காட்டினேன். வீட்டில் யாருக்கும் தெரியாதா என்று அவர் கேட்டார். அப்பாவுக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ வந்து கூப்பிட்டாலும் அவளை அனுப்பமாட்டேன். நேரில் நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அதனால்தான் இப்போதே எழுதிவிட்டேன்.

மதியம் பாலில் நனைத்த ரொட்டி சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"பெரியப்பா, இன்னைக்குத்தான் டெஸ்ட் இல்லையே. இது வயித்துலயே இருக்கட்டுமா?"

இப்படிக்கு,
அவளுடைய பெரியப்பா