வரவேற்பு வளைவும் வரிசையில் ஓர் இடமும்

அனுப்புநர்:
எ. பெர்சிஸ்,
க/பெ. எபினேசர்,
தட்டச்சுப் பயிற்றுநர்,
எம்.கே.பி. நகர், வியாசர்பாடி,
சென்னை – 39.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
சொகுசுக் கப்பல் பயணியர் வரவேற்புக் குழு,
சென்னை.

பொருள்: 21.11.2006 அன்று சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கி நகருக்குள் வர முயன்ற என் கணவர் குறித்தும், அதன் காரணமாக வரிசையில் தம் இடத்தை இழந்த லாரி ஓட்டுநர் திரு. ஜஹாங்கீர் குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கப்பல் பயணிகளுக்குத் தாங்கள் செய்த வரவேற்பைச் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரவேற்பு என் குடும்பத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. என் கணவர் எபினேசர் அந்தக் கப்பலின் சலவைப் பிரிவில் பணிபுரிகிறார். ஜனவரியில் கப்பலேறினார். ஜூன் மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். பெயர் தேவகிருபை. அவளை அவர் நேரில் பார்த்ததில்லை. கப்பல் சென்னையில் ஒரே ஒரு நாள் நிற்கும் என்றும், காலை பத்து மணிக்கு இறங்கிப் பிற்பகல் ஒன்றே முக்காலுக்குள் வாயிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எங்கள் வீடு துறைமுகத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். விடியும் முன்பே வஞ்சிர மீன் குழம்பு வைத்துவிட்டேன்.

2. அவர் இறங்கியதும் நாதஸ்வரம் ஒலித்தது. தங்கள் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் சந்தன மாலை அணிவித்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவர் வியாசர்பாடி என்று உண்மையைச் சொல்லிவிட்டார். “சாரி சார், இது கெஸ்ட்டுக்கு” என்று மாலையைக் கழற்றிக்கொண்டார்கள். பொதுச் சொத்தைக் காப்பதில் தங்கள் குழு காட்டும் அக்கறை பாராட்டுக்குரியது.

3. துறைமுகத்துக்குள் பாதுகாப்புக் கருதி நடக்கக் கூடாது. ஆட்டோவுக்கு உள்ளே அனுமதியில்லை. டாக்ஸி, சீட்டு வைத்திருக்கும் பயணிகளுக்கு மட்டும். ஆக, நடக்கவும் கூடாமல், ஏறவும் வண்டியில்லாமல், என் கணவர் சொந்த ஊரில் நாற்பது நிமிடம் நின்றார். கடைசியில் ‘நகர மையத்துக்கு இலவசப் பேருந்து’ என்று எழுதிய குளிர்சாதன வண்டியின் பின் இருக்கையில் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிவிட்டார்.

4. முன்வாயிலில் தாங்கள் எழுப்பிய ‘நல்வரவு’ வளைவு, பேருந்தின் கூரையைவிட ஒரு முழம் தாழ்வாக இருந்தது. வளைவை உயர்த்துவதா, பேருந்தைக் குறைப்பதா என்று ஆலோசித்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து இராயபுரம் பக்கத்து வடக்கு வாயிலுக்கு அனுப்பினார்கள்.

5. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, மற்ற வாயில்களில் விரட்டப்பட்டு, அந்த வடக்கு வாயிலில்தான் நின்றிருந்தேன். பேருந்து என்னைக் கடந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் இரு கைகளையும் அசைத்தது. வெளிநாட்டவர் அன்பானவர்கள் என்று எண்ணி, குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்டினேன். வண்டி போய்விட்டது.

6. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து என் செல்பேசிக்கு அழைப்பு வந்தது. “அந்த பஸ்ஸுல நாந்தாம்மா இருந்தேன். கண்ணாடிய அந்தத் தட்டு தட்டுறேன், நீ டாட்டா காட்டுற!” என்றார். வழியில் நிறுத்த அனுமதியில்லையாம். தங்கள் குழு நிர்ணயித்துள்ள நகர மையம், தென்சென்னையில் பளிங்கு யானை விற்கும் ஒரு கடை என்பதை அன்றுதான் அறிந்தோம். நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் என் மாமனாருக்கும் இது புதிய தகவல். இனி வீட்டுக்குப் போய்வர நேரமில்லை, அந்த வாயிலிலேயே நில் என்றார் என் கணவர்.

7. ஆட்டோ பிடித்துத் திரும்பினார். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றதால் வாயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஆட்டோ நின்றுவிட்டது. “இதுக்கு மேல வண்டி போவாது சார். எறங்கி ஓடு. நீயாவது போய் சேரு, நான் இங்கதான் கீறேன்” என்றாராம் ஓட்டுநர். ஓடினார். ஒன்று இருபத்தைந்துக்கு என் முன்னால் வந்து நின்றார்.

8. வாயில் முன் நிற்கக் கூடாது என்று காவலர் விரட்டினார். அப்போது வரிசையில் நின்ற லாரியின் கதவு திறந்தது. ஓட்டுநர் ஜஹாங்கீர், முன்பின் அறியாதவர். “மேல ஏறி குந்துமா. மூணு நாளா இந்த வண்டி இன்ச்சு கூட நவுரல. நிம்மதியா பேசிக்கினு இரு” என்று சொல்லித் தாம் இறங்கிக்கொண்டார். அந்தச் சூடான கேபினில்தான் தேவகிருபை தன் அப்பாவின் மடிக்குப் போனாள். முதலில் அழுதாள். பிறகு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

9. மூன்று நாளாக நகராத வரிசை, ஒன்று முப்பத்தாறுக்கு நகர்ந்தது. பின்னால் அத்தனை லாரிகளும் ஹார்ன் அடித்தன. நாங்கள் பதறி இறங்கப் போனோம். ஜஹாங்கீர் கதவை வெளியிலிருந்து சாத்தினார். “அட்ச்சிக்கினு கெடக்கட்டும். கொயந்த இப்பதான் அப்பன் மூஞ்சிய பாக்குது” என்றார். ஆறு நிமிடம் வண்டியை எடுக்கவில்லை. ஒன்று நாற்பத்திரண்டுக்கு என் கணவர் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாயிலுக்குள் போனார். திரும்பினால் கப்பலை விட்டுவிடுவோம் என்ற பயம் என்று கொழும்பிலிருந்து பேசும்போது சொன்னார்.

10. வரிசையை ஆறு நிமிடம் மறித்த குற்றத்துக்காக ஜஹாங்கீரின் நுழைவுச் சீட்டு அங்கேயே ரத்து செய்யப்பட்டு, அவர் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார். மூன்று நாள் வரிசையை மறித்தது யார் என்பது குறித்து விசாரணை ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ஐயா, அக்கப்பல் மார்ச்சில் மீண்டும் வரும்போது ஊழியர்களும் நகருக்குள் வர ஒரு வழி செய்யுங்கள். அதற்குத் தங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் ஜஹாங்கீரின் இடத்தை இன்றே திருப்பித் தர வேண்டுகிறேன். அந்த ஆறு நிமிடமும் என் குடும்பத்துக்காகச் செலவானது. அதற்குத் தண்டனை உண்டென்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று மதியம் போய்ப் பார்த்தேன். வாயிலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சாத்தாங்காடு அருகே வரிசையின் வாலில் நிற்கிறார். கொண்டுபோன சோற்றை வாங்கிக்கொண்டு, குழந்தை ஏன் வரவில்லை என்று கேட்டார்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
எ. பெர்சிஸ்

இடம்: வியாசர்பாடி
நாள்: 24.11.2006