நாற்பத்தேழு நிமிடங்கள்

2024 யூலை 8, திங்கள்

அம்பிளாந்துறைப் பாதையில், அந்த மிதவைப் படகில், வாவியைக் கடக்கும்போது, மோட்டார் சைக்கிளின் ஸ்ராண்டைப் பார்க்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது. பாதை தள்ளுகிறவர், "இனி மீனுகளும் நியூஸ் கேக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாலையில் காத்தான்குடி. றிஸ்வியின் போன் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். "உங்களுக்கு இது காணும் அண்ணன். கலியாண வீட்டு வீடியோவா எடுக்கப் போறீங்க?"

கொழும்பில் பத்திரிகைக்குச் சொன்னபோது ஆசிரியர் பீடத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். "அப்ப வார இதழுக்கு அதையே எழுதுங்க அண்ணை. குறைந்த விலைப் போன், நிறை குறை. நானூறு சொல். ஒரு மாதம் பாவிச்சுப் போட்டு."

முப்பத்தாறு வருட நிருபர் வேலையில் போனைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை.

யூலை 11, வியாழன்

நிறை: பற்றறி இரண்டு நாள் நிற்கிறது. டோர்ச் நல்ல வெளிச்சம். இரண்டு சிம் போடலாம். ஒருமுறை விழுந்தது, உடையவில்லை.

குறை: வெயிலில் திரை தெரியாது. தமிழில் எழுதினால் விரல் முந்துகிறது, எழுத்து பிந்துகிறது. மெமரி முப்பத்திரண்டு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பாதியைப் போனே எடுத்துக்கொள்கிறது.

யூலை 16, செவ்வாய்

கிரான். சீதேவி அக்காவின் வீடு. வயது எழுபத்தாறு. மகன் வினாயகமூர்த்தியை 1990 இல் வழியில் வைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள், பத்தொன்பது வயது, திரும்பி வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவவிடம் போகிறேன். ஒவ்வொரு வருடமும் அதே கதை, அதே ஒழுங்கு. இன்றைக்கு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னா. அவன் அன்று கழுவிப் போட்ட சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போன கதை.

நாற்பத்தேழு நிமிடங்கள் பதிந்தேன். இடையில் கோழியை விரட்ட எழும்பினா. திரும்பி வந்து போனைப் பார்த்து, "எண்ட குரலும் இதுக்குள்ள இரிக்குமா தம்பி?" என்று கேட்டா.

"ஓம் அக்கா, இரிக்கும்."

நிறை: வீட்டுக்குள் ஒலிப்பதிவு தெளிவு. குறை: பொழுதுபட்ட பிறகு எடுத்த படத்தில் முகம் கறுத்துப்போய் இருக்கிறது.

யூலை 21, ஞாயிறு

சீதேவி அக்காவின் செய்தி வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், அரைப் பத்தி.

பதிவை அழித்தேன். மெமரி நிறைந்துவிட்டது என்று போன் கேட்டதும் ஒரு காரணம். ஆனால் கேட்டிருக்காவிட்டாலும் அழித்திருப்பேன். கசற் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்: செய்தி அச்சாகினால் குரலை அழி. வீட்டைச் சோதிக்க வருகிறவன் கையில் யாருடைய குரலும் அகப்படக்கூடாது. அந்தப் பழக்கத்தால் இரண்டு பேராவது உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். கேட்டுக்கொண்டே செய்தித் தமிழில் கொப்பியில் எழுதிவிடுவதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். யார் பேசியது என்பது எழுத்தில் தெரியாது.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

சீதேவி அக்கா நேற்று இறந்துவிட்டா. நித்திரையில். இன்று பின்னேரம் பிரேதம் எடுத்தார்கள். போனேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

கட்டாரிலிருந்து கேதீஸ்வரி போன் எடுத்தா. சீதேவி அக்காவின் மகள். அங்கே ஒரு வீட்டில் வேலை. செத்த வீட்டுக்கு வர லீவு கொடுக்கவில்லையாம்.

"மாமா, அம்மா கதைச்சதை நீங்க ரெக்கோட் பண்ணினதாம். பக்கத்து வீட்டு ஆக்கள் சொன்ன. அம்மாட்ட பட்டன் போன்தானே, ஒரு வொய்ஸ் கூட எனக்கிட்ட இல்ல. அதை அனுப்பிவிடுங்க மாமா."

"பார்த்துச் சொல்லுறன் மகள்" என்றேன்.

பார்க்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஓகஸ்ட் 12, திங்கள்

றிஸ்வியிடம் போனைக் கொடுத்தேன். கால் மணித்தியாலம் நோண்டினார். "கூடின விலைப் போனெண்டா அழிச்சதை முப்பது நாள் ஒரு பக்கத்தில வச்சிரிக்கும் அண்ணன். இதில அது இல்ல. புதுசா வேற படமும் எடுத்திரிக்கீங்க, அதுக்கு மேல விழுந்திரிக்கும்." பிறகு மெதுவாக, "யார்ட குரல்?" என்று கேட்டார். சொன்னேன். பார்த்த கூலி வாங்கவில்லை.

அந்தப் படங்கள்: வெல்லாவெளி வீதித் திறப்பு விழா. பதினெட்டு.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

நான் கேதீஸ்வரிக்குப் போன் எடுக்கவில்லை. அவ இரண்டு தரம் எடுத்தா.

ஓகஸ்ட் 14, புதன்

சொல்லிவிட்டேன். அழித்தேன் என்று. தொலைந்தது என்று சொல்ல ஒரு கணம் நினைத்தது உண்மை.

அந்தப் பக்கம், அவ வேலை செய்யும் வீட்டுக் குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. பிறகு, "எழுதி வச்சிரிப்பீங்களே மாமா. அதையாவது வாசிங்க" என்றா.

கொப்பியை எடுத்து வாசித்தேன். "தனது மகன் ஈரமான சட்டையை அணிந்தவாறு வெளியேறியதாகவும், அது காய்ந்திருக்குமா என்ற எண்ணமே இன்றுவரை தன்னை வருத்துவதாகவும் அவர் தெரிவித்தார்."

ஆறு பக்கம் வாசித்தேன். எல்லாம் சரி. திகதி சரி, வயது சரி, இடம் சரி. வாசிக்க வாசிக்க எனக்கே வாய் கூசியது. இதில அந்த மனிசி எங்க இரிக்கா? ஒரு வரியிலயாவது?

அக்கா கோழி விரட்டப் போய்வந்து என்னிடம் கேட்டதை மகளுக்குச் சொல்லவில்லை. சொல்ல ஏலாது.

ஓகஸ்ட் 16, வெள்ளி

கேதீஸ்வரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. முப்பத்தொரு செக்கன். இம்முறை சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"மாமா, கோவிக்காதீங்க. அம்மா 'தெரிவித்தார்' எண்டெல்லாம் கதைக்க மாட்டா. அண்டைக்கு நான் அடுப்படியில இருந்த. எட்டு வயசு. அண்ணன், 'சேட்டு ஈரம் அம்மா, காயட்டும்' எண்டான். அம்மா சொன்ன, 'போற வழியில காயும் மனே. கெதியாப் போயிட்டு வா.' இப்பிடித்தான் சொன்ன. மறுகா ஒரு நாளும் எங்களுக்கிட்ட இதைப் பத்திக் கதைக்கல்ல. உங்களுக்கிட்டயாவது சொல்லியிரிக்காவே. அது காணும்."

ஆக, ஈரச் சட்டையோடு அவனை அனுப்பியது தாய்தான். முப்பத்துநாலு வருடம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறா. நாற்பத்தேழு நிமிடத்தில் அதையும் எனக்குச் சொல்லியிருப்பா. நான் அதை 'வெளியேறியதாகவும்' என்று எழுதியிருக்கிறேன்.

பதிவைத் திரும்பக் கேட்டேன். 'மனே' என்ற இடத்தில் அது தாயின் குரல் போலத்தான் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

ஓகஸ்ட் 19, திங்கள்

மெமரி நிறைந்துவிட்டது, எதையாவது அழி என்கிறது. வீதித் திறப்பு விழா பதினெட்டையும் அழித்தேன். முப்பத்தொரு செக்கன் இருக்கிறது. கொழும்பில் என் பேரன் வைத்திருக்கும் கொம்பியூட்டரிலும் ஒரு பிரதி போட்டுவைக்கச் சொன்னேன்.

கட்டுரையை அனுப்பினேன். குறைகளில், அழித்தது திரும்பி வராது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அனுப்பமுன் வெட்டினேன். போனில் பிழை இல்லை.

பின்னேரம் ஆசிரியர் பீடத்திலிருந்து எடுத்தார்கள். "நல்லா வந்திருக்கு அண்ணை. ஆனா கடைசியில முடிவு ஒண்டும் இல்ல. வாசிக்கிற ஆக்கள் கேப்பினம், வாங்கலாமா வேண்டாமா?"

"வாங்கலாம்" என்று போடச் சொன்னேன்.