பிலார் கேட்ட சத்தியம்

கமிகின் தீவு
3 நவம்பர் 1987

அன்புள்ள மெடிங்,

சுகமா? நான் ஏதோ இருக்கிறேன். கல்லறைத் திருநாள் முடிந்தது. பிலாரின் கல்லறையைத் தனியாகக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த டோரெங் அக்கா, "உன் பொண்டாட்டிய ரெண்டு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட சிநேகிதி எங்கடா? என்ன சொல்லித் தொரத்துன?" என்று கேட்டாள். எனக்கே தெரியாததை அவளுக்கு என்ன சொல்ல?

அவளை அடக்கம் செய்து, ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு செபுவுக்குக் கப்பல் ஏறினாய். ஒரு வருஷம் ஆயிற்று. மூன்று கடிதம் போட்டேன். வேலை அதிகம் என்று நான்கு வரி வந்தது. நாள் முழுக்க ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டிவிட்டு வந்தால் சோறு வைக்கக்கூட அலுப்பாக இருக்கிறது. அப்போது பேசத் தோன்றுவது பிலாரிடம் இல்லை, உன்னிடம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொய் எழுதத் தெம்பு இல்லை. நான் செய்த தப்பு என்ன?

சாந்தோ

செபு
19 நவம்பர்

அன்புள்ள சாந்தோ,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. இங்கே ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போடுகிறேன். கை ஓய்ந்துபோகிறது, நினைக்க நேரம் இல்லாதது நல்லதுதான்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கடைசி வாரம், நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். பிலார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவரு யார வேணா கட்டிக்கட்டும். உன்ன மட்டும் வேணாம். சத்தியம் பண்ணு" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சத்தியம் செய்தேன்.

என் மனசில் நீ இருந்தது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அவள் எப்போதோ பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், சாகும்போது என்னைத் திருடியாகப் பார்த்தாளே. அந்தக் கோபத்தில்தான் ஓடிவந்தேன். இனி எழுதாதே.

மெடிங்

கமிகின்
6 டிசம்பர்

மெடிங்,

எழுதாதே என்றாய். இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை. முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அவள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. மாத்திரை போட்டாயா என்று கேட்டோம். பயமாக இருக்கிறதா என்று இருவருமே கேட்கவில்லை.

சத்தியத்தை மீறு என்று சொல்லமாட்டேன். அது உங்கள் இருவருக்குள் உள்ளது. கிறிஸ்துமஸுக்கு வந்து அவளையாவது பார்த்துவிட்டுப் போ.

சாந்தோ

செபு
17 டிசம்பர்

அன்புள்ள சாந்தோ,

அவள் பயந்தாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து ஒரு வருஷத்து அழுகையை அழுது தீர்த்தேன். என்னோடு வேலை செய்கிற பெண்கள் விரிப்பை விலக்கி வைத்துக்கொண்டு, "நனைக்காத அக்கா, மறுபடி இஸ்திரி போடணும்" என்றார்கள்.

கோபம் போய்விட்டது. இப்போது அலுப்பும் நீயும்தான் மிச்சம். நல்ல சிநேகிதியாக இருந்தால் வாக்கைக் காப்பாற்றுவேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அதை அவளிடமே சொல்ல வேண்டும்.

இருபத்துமூன்றாம் தேதி கப்பல். நேராகக் கல்லறைக்குப் போகிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. துறைமுகத்துக்கு வராதே. வீட்டில் இரு.

மெடிங்