ஓடைக்கு அந்தாண்டை நாற்பத்து மூன்று பேர்

1976 நவம்பர் 14, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் கையெழுத்தைத் தெரிந்தவர்கள் பார்த்தால் நைனாவுக்கு வேலை போய்விடும்.

நைனாவுக்கு வலது கண்ணில் புரை. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. கரும்பலகையில் பழக்கத்தில் எழுதிவிடுகிறார். பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவதுதான் தெரிவதில்லை. ரிட்டையர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. "வெளிய தெரிஞ்சா அனுப்பிச்சுடுவாங்கடி. கண்ணு இல்லாம சொந்த ஊரு அம்மையார்குப்பம் போய் தறியிலயும் குந்த முடியாது" என்கிறாள் அம்மா.

இப்போது வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. வீடு வீடாக அவர் கேட்பார். பின்னால் நின்று நான் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். யாராவது கேட்டால் வீட்டுப்பாடம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கார் பாரத்திலும் நான்தான் எழுதுகிறேன். கீழே கையெழுத்து மட்டும் நைனாவுடையது.

நவம்பர் 21

மழையில் ஓடைக்கரைக்குப் போனோம். கூலி வேலை செய்கிறவர்கள் வருஷம் முழுவதும் ஓடைக்குக் கிழக்கே பள்ளத்தில் இருப்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் கூரையைப் பிரித்துக்கொண்டு இந்தப் பக்கத்து மேட்டுக்கு வந்துவிடுவார்கள். "ஐப்பசி வந்தா இந்தாண்டை, தை வந்தா அந்தாண்டை. எங்களுக்கு ரெண்டு ஊரு வாத்யாரே" என்று சிரித்தார் முனியன். அங்கே வயதில் பெரியவர் அவர்தான்.

ரஞ்சிதம் என்கிற அக்காவிடம் நைனா, "உன் ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"அத்தெ எப்படி சார் என் வாயால சொல்றது?"

"நீ சொல்லாங்காட்டி சர்க்கார்ல உன் கல்யாணம் செல்லாதுடி" என்றார் முனியன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா சேலையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மகள்தான், "எங்கப்பா பேரு துரைக்கண்ணு!" என்று கத்தினாள். முதுகில் ஒன்று வாங்கினாள்.

மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

திரும்பும்போது அந்தக் கரையில் இன்னொரு வாத்தியாரைப் பார்த்தேன். குடை, கையில் பாரக்கட்டு. குடிசை எதுவும் இல்லாத பள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ எழுதினார். போய்விட்டார். நைனா அவரைப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 12

தொகுதி எல்லைகளை மாற்றிவிட்டார்களாம். தாலுகா ஆபீசிலிருந்து நைனா கொண்டுவந்த காகிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். பார்லிமென்ட் தொகுதிக்கு இனி ஓடைதான் எல்லை. மேற்கே நம்முடையது. கிழக்கே மெட்ராஸை ஒட்டிய புறநகர்த் தொகுதி.

"அப்போ ஓடைக்காரங்க அந்தாண்டைதானே நிரந்தரமா இருக்காங்க. நம்ம பாரத்துல அவங்க பேரை அடிச்சுடு அம்சா. அந்தப் பக்கத்து வாத்யார் எழுதியிருப்பார்."

குடை பிடித்துக்கொண்டு வந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் யாரை எழுதியிருப்பார்? சொல்ல வாயெடுத்தேன். அப்போது நைனா ஒரு பாரத்தைக் கண்ணருகே வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒருத்தரைப் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து நாற்பத்து மூன்று கோடு போட்டேன்.

1977 ஜனவரி 16

ஓடை வற்றிவிட்டது. ரஞ்சிதம் அக்கா மூங்கில் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தாண்டை போனாள். என்னைப் பார்த்து, "நல்லா கீறியா பாப்பா?" என்று கேட்டாள்.

ஜனவரி 20

எலெக்ஷன் வருகிறதாம், ரேடியோவில் சொன்னார்கள். அந்த நாற்பத்து மூன்று கோடுகளைத்தான் நினைத்தேன்.

மார்ச் 21

ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

ஓடைக்காரர்கள் விடியற்காலையில் அந்தாண்டை பூத்துக்கு நாலு மைல் நடந்திருக்கிறார்கள். அங்கே பேர் இல்லை என்றதும் வந்த வழியே நடந்து, எங்கள் பள்ளிக்கூடத்து பூத்துக்கு வந்தார்கள். நான் அம்மாவோடு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே இருந்தவர் ரஞ்சிதம் அக்காவிடம் கணவர் பெயர் கேட்டார். அவள் மகளைத் தேடித் திரும்பினாள். மகள் வரவில்லை.

பிறகு, "துரைக்கண்ணு" என்றாள்.

அவர் தாளைப் புரட்டிவிட்டு, இல்லை என்றார்.

"துரைக்கண்ணு சார். துரைக்கண்ணு. இன்னொரு வாட்டி பாருங்க, சொல்லிட்டேன் இல்ல?" வரிசையில் இருந்த ஆம்பிளைகளுக்கெல்லாம் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் சேலையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் முனியன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "எங்க பேரை எவன் சொல்லி அடிச்சே வாத்யாரே? ஓட்டு போனா போவுது. வூட்டுமனை குடுக்கறதுக்கும் இந்த லிஸ்டைத்தான் பாக்கறானாம். இந்தாண்டையும் நாங்க இல்ல, அந்தாண்டையும் இல்ல. அப்போ நாங்க எங்க கீறோம்?"

நைனா அவர் குரல் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

மார்ச் 24

ஓடைக்காரர்களின் மனு போயிருக்கிறது. விசாரணைக்கு அதிகாரி வந்தார். "எந்தக் கட்சிக்காரன் சொல்லி அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை சார். என் தப்புதான்."

அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து நாலு பெயர்களை எழுதச் சொன்னார். நைனா எழுதினார். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிவிட்டது. அதிகாரி அதையும் பாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பாரம் உங்க எழுத்து இல்லையே வாத்தியாரே" என்றார். சனிக்கிழமை மறுபடியும் வருவாராம்.

அவர் படி இறங்கியதும் அம்மா என் நோட்டையெல்லாம் வாரி அடுப்பில் போட்டாள். கணக்கு, தமிழ், பூகோளம். மழையில் எழுதிய ரஃப் நோட்டும். "அதுலதான் அவங்க பேரெல்லாம் அடிக்காம கீது, வேணாம்மா, குடும்மா" என்று கத்தினேன். வாயைப் பொத்தினாள்.

இந்த நோட்டு மட்டும் அரிசிப் பானைக்கு அடியில் இருந்ததால் தப்பியது.

மார்ச் 25, வெள்ளி

நைனா இன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "நாளைக்கு கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. நான் அடிச்சேன். அவ்ளோதான்."

குடைக்காரரைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு, "எப்படி சொல்லுவே" என்று அவரே சொன்னார்.

"ஓடைக்காரங்களுக்கு இனிமே இன்னா நைனா?"

"பாரத்துல அடிச்ச பேரு செல்லாது. அவங்க அங்க இருந்தாங்கன்னு காட்ட வேற ஒரு துண்டுக் காகிதம் இல்லையே."

எல்லோரும் படுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில், யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். ஸ்கேல் வைத்து அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டேன். நாளைக்கு அதிகாரி வந்ததும் இந்த நோட்டை நானே கொடுப்பேன். பாரத்தில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே எழுத்துதான். பார்த்தால் தெரியும். நைனாவுக்குக் கண் இல்லை என்பதும் தெரிந்துவிடும். வேலை போய்விடும். அம்மா என்னோடு பேசமாட்டாள். பயமாக இருக்கிறது.

ஆனால் பேர்களெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு மழையில் எந்தக் குடிசைக்குப் பக்கத்தில் எந்தக் குடிசை என்று அப்படியே தெரிகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

துரைக்கண்ணு. ரஞ்சிதம். முனியன். கௌரியம்மாள். வீராசாமி. கன்னியம்மாள்.

பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினேன். முப்பத்தேழு வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தெட்டு மணியம்மை, ஆடு வைத்திருந்தவள். முப்பத்தொன்பது மணவாளன், அவள் தம்பி.

கதவு. யாரோ தட்டுகிறார்கள். அதிகாரி என்றால், இன்னும் விடியவே இல்லையே. நைனா சுவரைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கிறார். அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். கொஞ்சம் இரும்மா, இன்னும் நாலு பேர்